ஐஸ் கம்பெனியில் தங்கிய குரல்

ரெக்சலின் மச்சாது லிஸ்பன் விமான நிலையத்தில் இறங்கி, வெளிநாட்டார் வரிசையில் ஒரு மணி நேரம் கால் மாற்றி கால் மாற்றி நின்று, கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி "எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டதும் வாயைத் திறந்து பதில் சொன்னாள், அந்தப் பதில் லிஸ்பனில் ஒருவர் காதிலும் விழவில்லை, கடலையும் பாலைவனத்தையும் மறுபடி கடலையும் தாண்டி, தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில், மச்சாது ஐஸ் கம்பெனியின் கட்டி உடைக்கும் கிரஷருக்கு அடியிலிருந்து, சாயங்காலம் நாலரை மணிக்கு, லோடு ஏற்ற வந்திருந்த ஒன்பது பேருக்குத் தெளிவாகக் கேட்டது.

"பிசினஸ் ஸ்கூல் இன்டர்வியூவுக்கு" என்றது குரல்.

அதிகாரி புருவத்தைத் தூக்கினார். அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்தது, உதடு அசைந்தது, மூச்சு கண்ணாடியில் பட்டு வெள்ளையாகப் படிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. விமானத்தில் காது அடைத்துக்கொண்டதோ என்று நினைத்தால் பின்னால் ஒரு குழந்தை அழுவது நன்றாகக் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, கிளம்பியதிலிருந்து தான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது. ஐஸ் கம்பெனி வாசலில் நின்று "வாரேன்" என்று எல்லாரிடமும் சொன்னதுதான் கடைசி. காரில் அம்மா வழி முழுக்க ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தாள், பதில் தேவைப்படவில்லை. சென்னையில் ஜன்னல் சீட்டா என்று கேட்ட பெண்ணுக்குத் தலையாட்டினாள். விமானத்தில் சாப்பாட்டுத் தட்டை விரலால் காட்டினாள். பயத்தில் வாயடைத்துப்போயிருக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தாள்.

போர்டிங் பாஸின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். அதிகாரி தன் தொண்டையைத் தொட்டு, ஜலதோஷமா என்பதுபோல் சைகை செய்தார். அவள் வேகமாகத் தலையாட்டினாள். முத்திரை விழுந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கண்ணாடியைப் பார்த்து "அம்மா" என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தாள். கண்ணாடிக்குள் இருந்தவளும் கூப்பிட்டாள். இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.

ஐஸ் கம்பெனியில் இது பெரிய கலவரம் எதையும் உண்டாக்கவில்லை. சூப்பர்வைசர் டார்வின் கிரஷரை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான், ஈரத் தரையும் உடைந்த ஐஸும் தவிர ஒன்றும் இல்லை, "அக்கா, நீங்க இன்னும் கிளம்பலியா?" என்று மரியாதைக்குக் கேட்டுவைத்தான். "அம்மா" என்றது குரல். லோடுமேன்களில் ஒருவர், முதலில் இங்கிலீஷில் பேசியதை வைத்து, ஆள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள், குரல்தான் விமானம் ஏறவில்லை என்று கணக்காகச் சொல்லிவிட்டார். மஸ்கட்டுக்குப் போன டெரன்சின் தும்மல் இரண்டு வருஷம் அவன் வீட்டு மாடிப்படியிலேயே கிடந்ததையும், அவன் லீவில் வந்த அன்று முப்பது நாப்பது தும்மலாக அவனுக்குள் திரும்பிப் போனதையும் இன்னொருவர் நினைவுபடுத்தினார். ஆகவே ஏன் தங்கியது என்று யாரும் கேட்கவில்லை. எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் பேச்சாக இருந்தது.

மீன் கூடைக்காரப் பெண்கள் முதலில் ஒரு முடிவெடுத்தார்கள். ஆம்பளைகள் ஈரத் துண்டோடு நிற்கிற இடத்தில் ஒரு பெண்பிள்ளையின் குரலைத் தனியாக விடுவது சரியில்லை என்று சொல்லி, கிரஷரின் கீழ்ப்பக்கத்தைச் சுற்றிப் பழைய நைலான் சேலை ஒன்றைத் திரையாகக் கட்டினார்கள். லோடுமேன்கள் தங்களுக்குள் பேசி, குரல் வரும்போது மிஷினை நிறுத்துவது, ஆனால் படகு காத்திருந்தால் நிறுத்துவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். துறைமுக கேட்டில் இருப்பவர் வந்து, வெளியூர் போன ஆளின் குரல் உள்ளே இருக்க பாஸ் வேண்டுமா என்று யோசித்து, வேண்டாம் என்று அவரே போய்விட்டார். மாதா கோயில் பங்குச்சாமியார் சைக்கிளில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் காது கொடுத்துக் கேட்டார். "கோயிலுக்கெல்லாம் தூக்கிட்டு வராதீங்க. பிள்ளை உயிரோட இருக்கு, குரல் அதோட பொருள். வந்து எடுத்துக்கிடட்டும். அதுவரைக்கும் பக்கத்துல நின்னு யாரும் கெட்ட வார்த்தை பேசாதீங்க" என்று சொன்னார். அப்போதிலிருந்து அந்த இடத்தில் கெட்ட வார்த்தை பேசவேண்டியவர்கள் வாசல் வரை நடந்துபோய்ப் பேசிவிட்டு வந்தார்கள்.

இவ்வளவும் ரெக்சலினுக்கு அம்மா அமலோற்பவம் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் வந்தது. விடுதி அறைக் கட்டிலில் உட்கார்ந்து, கோட்டைக் கூடக் கழற்றாமல் அவள் அதைக் கேட்டாள்.

"ஏட்டி ரெக்சி, பயப்படாத. உன் குரல் பத்திரமா இருக்கு. நான் காப்பி கொண்டுபோய் வச்சேன், ஆறிப்போச்சு, டார்வின் குடிச்சிட்டான். நீ இன்டர்வியூவுக்கு எழுதிக் காட்டு. என்னத்தையும் நினைச்சு மனச விட்டுராத மக்கா."

அவள் தட்டச்சு செய்தாள்: "அம்மா, அங்க நான் பேசறது எல்லாருக்கும் கேக்குதா?"

பதில் உடனே வந்தது. "நல்லாக் கேக்குது. மைக் வச்ச மாதிரி."

ரெக்சலின் அதை மறுபடியும் போட்டுக் கேட்டாள்.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. மெக்கானிக்கல் படித்துவிட்டு சென்னையில் வேலையில் இருந்தவள், நாலு வருஷத்துக்கு முன் அப்பா திடீரென்று இறந்துபோக, வந்து ஐஸ் கம்பெனியை எடுத்துக்கொண்டாள். மேற்படிப்பு எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம், குளிர்பதனக் கிடங்கு கட்டவேண்டும், ஏற்றுமதி பார்க்கவேண்டும், அதற்கு முறையாகப் படிக்கவேண்டும் என்று சொல்லியிருந்தாள். அது பொய்யில்லை. ஆனால் ஐஸ் மிஷினின் அம்மோனியா வாடை எட்டாத ஒரு ஊரில் ஒரு வருஷமாவது தூங்கி எழவேண்டும் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. கல்லூரி உதவித்தொகையோடு இடம் தருவதாக இருந்தால் கடைசி நேர்காணலுக்கு நேரில்தான் வரவேண்டும் என்று எழுதியிருந்தது. நாளை மறுநாள் காலை பத்து மணி. தூத்துக்குடியில் அப்போது மாலை மூன்றரை.

மத்தியானம் ஊருக்குள் இறங்கி நடந்தாள், அறையில் இருந்தால் மூச்சு முட்டியது. ஏற்றமும் இறக்கமுமான கல் பாவிய தெருக்கள், சுவரெல்லாம் நீலப் பூ போட்ட ஓடுகள், மஞ்சள் டிராம் ஒன்று மூலை திரும்பும்போது இரும்பு கிறீச்சிட்டது. மருந்துக்கடை ஒன்றின் மேல் 'மச்சாது' என்று எழுதியிருந்தது. அடுத்த தெருவில் ஒரு ரொட்டிக்கடை 'ரொட்ரிகோ'. பல் மருத்துவர் 'வாஸ்'. எப்போதோ போர்ச்சுகீசியர் விட்டுப்போய், தூத்துக்குடியில் தன் தெருவில் வரிசையாக இருக்கிற வீட்டுப் பெயர்கள் எல்லாம், ஒரு ஆளும் தெரியாத முகங்களாக, இங்கே கடைபோட்டு உட்கார்ந்திருந்தன. வேறு சமயமாக இருந்தால் படம் எடுத்து அனுப்பியிருப்பாள். இப்போது, தன்னை எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோலவும் கூப்பிட்டது எதற்கு என்று சொல்லாததுபோலவும் இருந்தது. மச்சாது மருந்துக்கடையில் தொண்டையைக் காட்டி ஒரு மிட்டாய்ப் பெட்டி வாங்கினாள். அதைச் சப்பியபடி ஆற்றங்கரையில் யாருமில்லாத இடமாகப் பார்த்து, "ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிப் பார்த்தாள். உடனே போன் அதிர்ந்தது. டார்வின்: "அக்கா, மைக் டெஸ்டிங்கா? நல்லா கேக்கு."

அதற்குமேல் வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை கண் விழித்துப் பார்த்தபோது போனில் பதினொரு மெசேஜ் இருந்தது. எல்லாம் அம்மா. அங்கே மத்தியானம் ஆகியிருந்தது.

"ரெக்சி, தூங்குதியா? தூக்கத்துல பேசுத நீ. சின்னப் பிள்ளையில பேசுவ, அதுக்கப்புறம் பேசுனதே இல்லியே."

"காலைல மீன் வியாபாரிக எல்லாம் நிக்காவ. 'வால்வு, வால்வு'ன்னு சொன்னியாம். என்ன வால்வு மக்கா?"

"டார்வின் மிஷினை நிறுத்திட்டான். 'மாத்தல, நான் மாத்தல'ன்னு அழுத. எனக்கே கேக்கப் பாவமா இருந்திச்சு. உடம்புக்கு முடியலியா?"

மற்ற எட்டையும் அவள் திறக்கவில்லை. போனைக் குப்புற வைத்துவிட்டுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். விரல் நுனி சில்லிட்டு, ஐஸ் அச்சுக்குள் கை விட்டதுபோல மரத்துப்போயிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாதம் அந்த ஐஸ் கம்பெனியில் அம்மோனியா கசிந்தது. முப்பது பேர் உள்ளே இருந்தார்கள், முப்பது பேரும் பிழைத்தார்கள், ஆபரேட்டர் போனிபாஸுக்கு மட்டும் ஒரு கண் போனது, நெஞ்சில் இரைப்பு தங்கிவிட்டது. விசாரணையில் ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று முடிவானது. போனிபாஸ் வேலையை விட்டுவிட்டு எதிரே படகு கட்டும் இடத்தில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். ரெக்சலின் தன் விண்ணப்பத்தில், 'நெருக்கடியில் தலைமை ஏற்ற ஒரு தருணம்' என்று கேட்ட இடத்தில், அந்த நாளை எழுதியிருந்தாள். முப்பது பேரைத் தான் எப்படி வெளியே கொண்டுவந்தாள் என்று, அறுநூறு வார்த்தைகளில், ஒரு எழுத்துப்பிழை இல்லாமல். கல்லூரி அவளைக் கூப்பிட்டதே அதற்காகத்தான் என்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

நடந்தது வேறு. அது முழுதாக இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

அன்று பகல் முழுக்க அவள் வெளியே போகவில்லை. பெட்டியில் கொண்டுவந்திருந்த பிளாஸ்திரியைக் கத்தரித்து வாயில் குறுக்காக ஒட்டிக்கொண்டாள். கட்டிலில் படுத்தால் தூங்கிவிடுவோம் என்று நாற்காலியில் உட்கார்ந்தாள், நாற்காலியில் கண் சொருகியதும் எழுந்து நின்றாள், நின்றபடி சுவரில் இருந்த பூக்களை எண்ணினாள், எண்ணிக்கை தப்பியதும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூடியிருக்கிற வாய்க்குள்ளே நாக்கு தன்பாட்டுக்குப் புரள்வது தெரிந்தது. தும்மல் வந்தால் பயம். கொட்டாவி வந்தால் பயம். இருமல் ஒன்று வந்து, கட்டுப்படுத்த முடியாமல் இருமிவிட்டு, ஓடிப்போய் போனைப் பார்த்தாள். "இருமுதியே, சுடுதண்ணி குடி" என்று அம்மா பேசியிருந்தாள்.

அங்கே சாயங்காலம் ஆனதும் அம்மாவிடமிருந்து இன்னொன்று வந்தது. இம்முறை குரல் தாழ்ந்திருந்தது, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல.

"ரெக்சி, போனிபாஸ் பொண்டாட்டி ரெஜினாள் வந்திருக்கா. வீட்டுல இருந்தே ஸ்டூல் தூக்கிட்டு வந்து திரைக்குப் பக்கத்துல போட்டு உக்காந்திருக்கா. நம்ம கம்பெனி வாசல்ல கால் வச்சு மூணு வருஷம் இருக்கும் அவ. என்ன ரெஜினான்னு கேட்டேன். 'பேசட்டும் அக்கா, கேட்டுட்டுப் போறேன்'ங்கா. நாளைக்கும் வருவேன்னு சொல்லுதா. எனக்கு என்னமோ போல இருக்கு. நீ என்னத்தட்டி பேசப் போற?"

ரெக்சலின் அடுத்த விமானத்தில் திரும்பிவிடலாமா என்று பார்த்தாள். இடம் இருந்தது. பெட்டியை மூடினாள். திரும்பிப்போவது அந்த ஸ்டூலுக்கு நேராகப் போவதுதான் என்று தெரிந்ததும் பெட்டியை மறுபடி திறந்து, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த கறுப்புக் கோட்டை எடுத்து வெளியே தொங்கவிட்டாள்.

நேர்காணல் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டிய ஒரு வயதான பேராசிரியை, ஒரு பக்கம் கண்ணாடி போட்ட இளைஞர், இன்னொரு பக்கம் ஏதோ நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னலுக்கு வெளியே ஆறு மினுங்கியது. குரல் இல்லை, எழுதிப் பதில் சொல்கிறேன் என்று முன்பே எழுதி வைத்திருந்த தாளை நீட்டினாள். மூன்று பேரும் படித்தார்கள், அனுதாபமாகச் சிரித்தார்கள், வெள்ளைப் பலகையும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார்கள்.

முதல் அரை மணி நேரம் நன்றாகவே போனது. ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த நகரம், பத்து வருஷத்தில் என்னவாக இருப்பீர்கள். அவள் எழுதினாள், அழித்தாள், எழுதினாள். பேனா மை விரலில் ஒட்டியது. வாயைத் திறக்கவே இல்லை.

பிறகு பேராசிரியை அவளுடைய கட்டுரையை எடுத்து முன்னால் வைத்தார். ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தது.

"அந்த விபத்தைப் பற்றி" என்றார். "முப்பது பேரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். நான் கேட்பது அதற்கு முந்தைய வாரத்தைப் பற்றி. அது நடக்காமல் இருக்க எப்போதாவது ஒரு வாய்ப்பு உங்கள் கையில் இருந்ததா?"

இந்தக் கேள்விக்கும் பதில் தயாராக இருந்தது. பராமரிப்பு அட்டவணை, பாதுகாப்புப் பயிற்சி, கற்றுக்கொண்ட மூன்று பாடங்கள். பேனாவைப் பலகையில் வைத்து முதல் எழுத்தை எழுதினாள். சுவர்க்கடிகாரத்தில் மணி பத்து நாற்பது. அங்கே நாலு பத்து. கிரஷரை நிறுத்தியிருப்பார்கள். நைலான் சேலைத் திரைக்குப் பக்கத்தில், ஈரத் தரையில், ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். இந்தப் பலகையில் என்ன எழுதினாலும் அது அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேராது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இங்கேயும் தப்பிக்கலாம், அங்கேயும் தப்பிக்கலாம். இது புரிந்த நொடியில்தான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது, இரண்டு நாளாக இருந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்குகிற பயம். காதுக்குள் கம்ப்ரசர் ஓடுவதுபோல் இரைந்தது. தப்பித்துவிடுவோம் என்பதுதான் அந்தப் பயம்.

பேனாவை மூடி வைத்தாள். வாயைத் திறந்தாள்.

லிஸ்பனில் அந்த மூன்று பேரும் பார்த்தது, ஒரு பெண் தங்களுக்கு எதிரே உட்கார்ந்து, மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் நெடுநேரம் பேசியது.

தூத்துக்குடியில் கேட்டது இது:

"போனி அண்ணன் சொன்னாங்க. பிப்ரவரியிலயே சொன்னாங்க. 'பாப்பா, ரெண்டாவது கம்ப்ரசர்ல வால்வு கசியுது, ரெண்டு நாள் நிறுத்திட்டு மாத்திருவோம்'னாங்க. நான்தான் தடைக்காலம் வரட்டும், படகு கடலுக்குப் போகாத நேரமாப் பாத்து மாத்திக்கலாம்னேன். சீசன்ல நிறுத்துனா எல்லாரும் வேற கம்பெனிக்குப் போயிருவாங்கன்னு பயந்தேன். அப்பா போன உடனே நான் கம்பெனிய கெடுத்துட்டேன்னு சொல்லுவீங்கன்னு பயந்தேன். மறுபடியும் ஒரு தடவ சொன்னாங்க. மறுபடியும் அதையேதான் சொன்னேன். அம்மோனியா கசிஞ்ச அன்னைக்கு யாரையும் நான் வெளிய கொண்டாரல. நான்தான் முதல்ல ஓடுனேன். கேட்டத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னேன். ஈரச் சாக்க மூஞ்சில சுத்திட்டு உள்ள போனது போனி அண்ணன். வால்வ அடைச்சிட்டு, யாரு என்னன்னு தெரியாத புகையில ஒவ்வொருத்தரா வெளிய தள்ளிவிட்டது போனி அண்ணன். விசாரிக்க வந்த ஆபீசர் என்கிட்ட, 'ஆபரேட்டர் முன்னாடியே ஏதும் சொன்னாரா'ன்னு கேட்டார். இல்லைன்னு சொன்னேன். அவங்க அப்ப ஆஸ்பத்திரியில கண்ணக் கட்டிப் படுத்திருந்தாங்க. அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன். அது போதுமா இருந்திச்சு."

லோடு ஏற்ற வந்தவர்கள், கூடைக்காரப் பெண்கள், அன்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று ஐம்பது பேருக்குமேல் நின்றார்கள் என்றும், குரல் நின்றதும் ரெஜினாள் எழுந்து சேலையை உதறி, "கேட்டாச்சு" என்று மட்டும் சொல்லி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனாள் என்றும் டார்வின் பிற்பாடு சொன்னான். அமலோற்பவம் அங்கேயே ஒரு காலி ஐஸ் அச்சின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவளை எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப்போக இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

நேர்காணல் அறையில் பேராசிரியை தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்கள் சொன்னதை எங்களுக்கு எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். ரெக்சலின் பலகையை அழித்து, மூன்று வரி எழுதினாள். வால்வு கசிவதை ஆபரேட்டர் இருமுறை சொன்னார். நான் மாற்றவில்லை. காப்பாற்றியது அவர். மூன்று பேரும் படித்தார்கள். இளைஞர் பேராசிரியையைப் பார்த்தார், ஓய்வு பெற்றவர் ஜன்னலைப் பார்த்தார். அவ்வளவுதான். அவள் எழுந்து வெளியே வந்து, படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அதற்குப் பிறகு அம்மாவிடமிருந்து ஒரு மெசேஜும் இல்லை. லிஸ்பனில் ஒரு நாள், விமானங்களில் ஒரு நாள், அவள் போனைத் திறந்து திறந்து பார்த்தாள். டார்வினுக்கு "எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டான் என்று தெரிந்தது, பதில் இல்லை. தூத்துக்குடி விமான நிலையத்தில் சிறிய விமானம் தரையைத் தொட்டபோது, கடவுளே இன்னும் கொஞ்ச நேரம் வானத்திலேயே இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தாள்.

வெளியே வெயிலில் போனிபாஸ் நின்றுகொண்டிருந்தார். தனியாக. வாட்ச்மேன் காக்கிச் சட்டை, ஒரு பக்கம் கறுத்த கண்ணாடி. ரெக்சலினுக்கு ஓடவேண்டும் போலிருந்தது, ஆனால் பெட்டி கையில் இருந்தது.

"உங்க அம்மா வரமாட்டேன்னுட்டாங்க, பாப்பா" என்றார். "நான் வந்தேன். ஆட்டோ நிக்கிது."

ஆட்டோவில் அவர் முன்னால் பார்த்தபடி பேசினார். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை இரைப்புக்காக நிறுத்தினார். அவள் பதிலுக்கு உதட்டை அசைத்தபோதெல்லாம், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"நீ பேசாத. பேசுனா அங்க போய்த்தான் கேக்கும். நான் சொல்லுதேன். மூணு வருஷமா எதிர்த்தாப்புலதான் உக்காந்திருக்கேன். தினமும் கேட்டத் திறந்து நீ உள்ள போறதப் பாப்பேன். நான் சொன்னா யாரு நம்புவா? நீ இன்னைக்குச் சொல்லுவ, இன்னைக்குச் சொல்லுவன்னு. கண்ணுக்காக இல்ல பாப்பா. கண்ணு போனா போச்சு. எம்மக ஜெசி கல்யாணம் நின்னுச்சுல்லா, அது எதுக்குன்னு தெரியுமா உனக்கு?"

அவளுக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டில் ஏதோ மனஸ்தாபம் என்று கேள்விப்பட்டதோடு சரி.

"மாப்பிள்ளைக்கு ஊரு மணப்பாடு. நல்ல குடும்பம். அந்தப் பையனுக்கும் இவளைப் பிடிச்சிருந்தது. அவங்க அம்மா சொல்லிட்டாங்க, 'முப்பது பேரைக் கொல்லப் பாத்த ஆளு வீட்டுல நான் பெண்ணெடுக்க மாட்டேன்'னு. அந்தப் பையன் இன்னும் கட்டல. இவளும் கட்டல." மூச்சு வாங்கினார். "நீ கிரஷருக்கு அடியில இருந்து பேசுனது தூத்துக்குடிக்குக் கேட்டுது. மணப்பாட்டுக்குக் கேக்கல."

கம்பெனியில் யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. டார்வின் சாவிக்கொத்தைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தான். லோடுமேன்கள் அவளைப் பார்க்காமல் வேலை செய்தார்கள், பழைய படகுக்காரர்கள் சிலர் வேறு கம்பெனிக்குப் போனார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஐஸ் மட்டும் வாங்கினார்கள். திரையை யாரும் அவிழ்க்கவில்லை, ஏனென்றால் குரல் அங்கேயேதான் இருந்தது. டெரன்சுக்குத் தும்மல் ஒரே நாளில் திரும்பியது, இது திரும்பவில்லை. வீட்டில் அவள் "அம்மா" என்றால் அரைக் கிலோமீட்டர் தள்ளி கிரஷருக்கு அடியில் "அம்மா" என்று கேட்டது. ஆகவே அமலோற்பவத்துக்கு மகளோடு பேசாமல் இருப்பது சுலபமாகவே இருந்தது. நாலாம் நாள் அவளே சோற்றைப் போட்டு முன்னால் வைத்து, "எனக்காவது சொல்லியிருக்கலாம்லட்டி" என்று ஒருமுறை அழுதுவிட்டு, மீன் முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தாள்.

ரெக்சலின் விசாரணை அலுவலகத்துக்கு எழுத்தில் மனு கொடுத்தாள். அங்கே பேசவேண்டியிருக்கவில்லை. மார்ச் முதல் வாரம் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. இந்த ஆண்டு இடமில்லை, விரும்பினால் மறுபடி விண்ணப்பிக்கலாம். கீழே பேராசிரியை கையால் எழுதியிருந்தார்: 'அன்று நீங்கள் எங்களிடம் பேசவில்லை என்று நினைக்கிறேன். யாரிடம் பேசினீர்களோ அவர்களுக்குக் கேட்டதா?' அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், ரெஜினாள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பழுப்புச் சேலை, கையில் ஒரு கட்டைப்பை.

"திருச்செந்தூர் வழியா பஸ் பத்தரைக்கு. வாரியா?"

வேறு ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் ரெக்சலினுக்கு ஜன்னல் இடத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். உப்பளங்கள் போயின, பனைகள் போயின, செம்மணல் தேரி போனது. ரெக்சலின் கைக்குட்டையை முறுக்கி முறுக்கி அவிழ்த்தாள். லிஸ்பனில் அந்த அறைக்குள் நுழைந்தபோதுகூட இவ்வளவு வியர்க்கவில்லை. எழுதிக் காட்டலாமா என்று ஒரு நோட்டையும் பேனாவையும் பையில் எடுத்து வைத்திருந்தாள். உடன்குடி தாண்டியதும் ரெஜினாள் அதைப் பார்த்தாள்.

"அந்தப் பையனோட அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது" என்றாள்.

மணப்பாட்டில் இறங்கியபோது கடற்காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. குன்றின்மேல் கோயில் வெள்ளையாக நின்றது. மூன்றாவது தெருவில் நீல கேட் போட்ட வீடு. ரெஜினாள் எதிர்த்த வேப்பமரத்து நிழலிலேயே நின்றுகொண்டாள், நீ போ என்று தாடையால் காட்டினாள். ரெக்சலின் தனியாகத் தெருவைக் கடந்தாள். வாயைத் திறந்தால் சத்தம் இங்கே வருமா, ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிற ஐஸ் கம்பெனியில், திரைக்குப் பின்னால், யாருமற்ற ஈரத் தரைக்குக் கேட்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம். யாரோ வானொலியில் பாட்டு வைத்திருந்தார்கள். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், வெயிலில் அது சுட்டது, விடவில்லை.

"அம்மா" என்றாள். "நான் தூத்துக்குடி மச்சாது ஐஸ் கம்பெனி ரெக்சலின். போனிபாஸ் அண்ணனைப் பத்திச் சொல்ல வந்திருக்கேன்."

உள்ளே படுத்திருந்த நாய் சத்தம் கேட்டுக் குரைத்துக்கொண்டு எழுந்து வந்தது.